கண்ணாடி வண்டிக்குப் புது பிரேக்

"வண்டி நின்னுடுது, சரி. மேல இருக்கிறது எப்போடி நிக்கும்?"

பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டாள். குழாயடியில் நின்று கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மேலன்னா எது மேல?" என்றேன். "எல்லாந்தான்" என்றாள். புது பிரேக் போட்ட நாளில் சந்தோஷமாக இருக்க வேண்டியவள் ஏன் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அம்மா பிக்கப் ஓட்டுகிறவள். கண்ணாடிக் கிடங்கிலிருந்து ஆளுயர ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி, புதிதாகக் கட்டும் கட்டடங்களில் கொண்டுபோய் இறக்குவது அவள் வேலை. அந்த வண்டி எனக்கு மூத்தது. எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். காலையில் கிடங்குக்குள் நுழைந்ததும் சுமை ஆட்கள் கேட்பார்கள்: "என்னக்கா, பெரியவர் எழுந்தாச்சா?"

"எழுந்துட்டார். இன்னும் இருமிக்கிட்டு இருக்கார்" என்பாள் அம்மா.

பெரியவரை நிறுத்துவது தனி வித்தை. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். ஒரு மிதியில் வண்டி நிற்காது. முதல் மிதியில் பெடல் கால்வாசி தூரம் உள்ளே போய் வரும், வண்டி மூக்கை மட்டும் லேசாகத் தாழ்த்தும். இரண்டாவது மிதியில் வண்டி லேசாக முனகும். மூன்றாவதில்தான் வேகம் குறையும். அதனால் அம்மா எதையும் வெகு தூரத்திலேயே பார்த்து, ஹாரன் அடித்து, மிதிக்கத் தொடங்கிவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அப்பா அந்த வண்டியில் பின்னால் நிற்பார். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கண்ணாடி வண்டி பார்க்காதவர்களுக்கு இது புரியாது. வண்டியின் தட்டில் கூடாரம் போல இரண்டு பக்கமும் சரிந்த இரும்புச் சட்டம் இருக்கும். கண்ணாடிகளை அதில் சாய்த்து, இடையிடையே காகிதம் வைத்து, பட்டையால் கட்டுவார்கள். பட்டையை ரொம்ப இறுக்கினால் ஓரத்தில் விரிசல் விழுந்துவிடும். அதனால் கொஞ்சம் தளர்வாகத்தான் விடுவார்கள். மீதியை ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கேபினுக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நின்று, கையுறை போட்ட இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடி விளிம்புகளில் வைத்துக்கொள்வார். வண்டி நிற்கும்போது கண்ணாடி முன்னால் நகரப் பார்க்கும், கை அதைத் தடுக்கும். இதற்குக் 'கை கொடுப்பது' என்று பெயர். எங்கள் கிடங்கில் கை கொடுப்பதில் அப்பாவுக்கு நிகரான ஆள் கிடையாது. அவர் நின்ற வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மற்றவர்களே சொல்வார்கள்.

அப்பாவுக்கு அம்மாவின் கால் அத்துப்படி. முதல் மிதியில் வண்டி லேசாக மூக்கைத் தாழ்த்தும்போதே காலை அகட்டி ஊன்றிக்கொள்வார். இரண்டாவதில் கையை வைப்பார். மூன்றாவதில் உடம்பையே சாய்ப்பார். கேபினின் பின் ஜன்னலுக்கு எப்போதோ பலகை அடித்தாகிவிட்டது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டில் பேசிக்கொள்வதைவிட வண்டியில்தான் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பிரேக்கை மாற்ற வேண்டி வந்தது ஒரு வாளிக்காரரால். பாலத்தைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அதில் பிளாஸ்டிக் வாளி விற்கிற ஒருவர் தள்ளுவண்டியோடு சட்டென்று குறுக்கே வந்துவிட்டார். அம்மா மிதித்தாள். மறுபடி மிதித்தாள். மூன்றாவது மிதி வேலை செய்வதற்குள் பெரியவர் தள்ளுவண்டியின் மூலையை முட்டிவிட்டார். வாளிகள் சாலை முழுக்க உருண்டன. யாருக்கும் அடியில்லை. ஆனால் வாளிக்காரருக்கும் முன் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து நிமிரும் இடம்கூட இல்லை.

"ஏம்மா, வண்டியில பிரேக் இருக்கா, இல்ல படம் வரைஞ்சு வெச்சிருக்கியா?" என்று அவர் கத்தினார். அம்மா வாளிகளைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "பிரேக் மாத்தாம இதை நான் தொட மாட்டேன்."

"பெரியவரோட மனசு புரிஞ்சு ஓட்டினா ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா.

"அவர் மனசு எனக்குப் புரியுதுங்க. அந்த வாளிக்காரருக்கும் புரியணுமே?"

அம்மாவின் பிடிவாதத்தில் வண்டி பட்டறைக்குப் போனது. பட்டறை மெக்கானிக் மாமா அம்மாவைத் தங்கச்சி என்பார். சொந்தமில்லை, பழக்கம்தான். முன் சக்கரங்களின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டார். பெடலுக்குப் பின்னால், மிதியின் பலத்தைக் கூட்டுகிற பூஸ்டர் வைத்தார். குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர், பின் சக்கரத்து லைனர், எல்லாம் புதுசு. கடைசியில் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்கிற வேலை. அம்மா இருக்கையில் உட்கார்ந்தாள், மாமா சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார்.

"மிதி தங்கச்சி… பிடிச்சுக்கோ… விடாதே… ம், இப்போ விடு."

மெல்லிய டியூப் வழியாக எண்ணெயும் குமிழ்களுமாக வந்தன. குமிழ் நின்று வெறும் எண்ணெய் வரும்வரை நான்கு சக்கரத்துக்கும் அதையே செய்தார்கள். "இனிமே பெடலைத் தொட்டாலே போதும். பெரியவருக்கு வயசு திரும்பிடுச்சு" என்றார் மாமா.

பட்டறைக்குப் பின்னாலிருந்த காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நான் நடுவில், மாமா ஓரத்தில். பின்னால் தட்டில், வால்பக்கத்தில், மாமாவின் ஸ்பானர் பெட்டி மட்டும் இருந்தது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் மாமா "ம்" என்றார். அம்மா தன் வழக்கப்படி முதல் மிதியை மிதித்தாள்.

மாமாவின் நெற்றி முன் கண்ணாடியில் போய் இடித்தது. நான் டேஷ்போர்டைக் கட்டிக்கொண்டேன். அதே நேரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். வால்பக்கத்தில் இருந்த பெட்டி தட்டு முழுக்க வழுக்கி வந்து கேபின் சுவரில் மோதியிருந்தது.

"தங்கச்சி, மிதிக்கத்தான் சொன்னேன், கொல்லச் சொல்லலை!" என்று மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா இறங்கிப் பின்னால் போய்ப் பெட்டி வந்து மோதிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு பழைய ரப்பர் பாய் கிடந்தது. அப்பா வழக்கமாக நிற்கிற பாய்.

அன்று சாயங்காலம்தான் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மறுநாள் காலை கிடங்கில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கான சுமை. எல்லாமே பெரிய கண்ணாடித் தகடுகள். ஏற்றி முடித்ததும் அப்பா கையுறையை மாட்டிக்கொண்டு பாயின் மேல் ஏறினார்.

"இன்னிக்கு நீங்க உள்ளே வந்து உட்காருங்க" என்றாள் அம்மா.

"உள்ளே உட்கார்ந்து நான் என்ன பண்ண? பாட்டு மாத்தவா?"

சுமை ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணே, அண்ணி உங்களை மடியில வெச்சு ஓட்டப் போறாங்களாம், போங்க போங்க" என்றார். அப்பாவின் காது சிவந்தது.

அம்மா ஸ்பானர் பெட்டியின் கதையைச் சொன்னாள்.

"பெட்டிக்குக் கை இருக்கா?" என்றார் அப்பா. "எனக்கு இருக்கு."

"நான் மிதிச்சா உங்களுக்குத் தெரியாதுங்க. முன்னே மாதிரி முதல் மிதி, ரெண்டாவது மிதின்னு கிடையாது. ஒண்ணுதான்."

"உன் கால் எனக்குத் தெரியாதா?"

கிடங்கு மேஸ்திரி வந்து பேச்சை முடித்துவைத்தார். "ஆள் கை இல்லாம ஒரு தகடு இந்த கேட்டைத் தாண்டாது. எப்பவும் உள்ள வழக்கம். கிளம்பும்மா, அங்க கொத்தனார் காத்துக்கிட்டு நிக்கிறார்."

அம்மா ஏறினாள். வழியில் ஒரு மொத்தக் கடையில் சில மாதிரிக் கண்ணாடித் துண்டுகளைக் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூட இருந்தேன். அம்மா செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினாள். வெறுங்காலைப் பெடலின் மேல் மெதுவாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். கூரையில் ஒரு தட்டு கேட்டது. கிளம்பலாம் என்று அப்பா சொல்வது அது.

கேட்டருகே வேகத்தடை. பெருவிரல் நுனியால்தான் தொட்டாள். அப்படியும் வண்டி வெடுக்கென்று பிடித்தது. பின்னால் காகிதங்களுக்கு நடுவே கண்ணாடி 'கிறீச்' என்றது.

"ஏய், பாத்து!" என்று அப்பாவின் குரல்.

அதற்குப் பிறகு அம்மா பிரேக்கையே தொடவில்லை. கியரைக் குறைத்தே ஓட்டினாள். வண்டி நடந்து போகிற வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனில் கையை வைத்தபடியே வந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "அக்கா, தள்ளிவிடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவின் உதடு காய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு சந்து முனையையும், ஒவ்வொரு நாயையும், கையில் பந்து வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அவள் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். குறுக்கே யாராவது வந்தால் அவள் மிதித்தாக வேண்டும். மிதித்தால் கண்ணாடி அப்பா மேல். இவ்வளவுதான் விஷயம். அப்போதுதான் எனக்கு அது முழுசாக உறைத்தது.

பாலம் தெரிந்தது. அம்மா வண்டியை ஓரங்கட்டி, கை பிரேக்கைப் போட்டு, சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"இந்த இறக்கத்துல நான் ஓட்ட மாட்டேன். நீங்க இறங்குங்க."

"நடு ரோட்டுல என்ன நாடகம் இது?"

"நாடகம் இல்லைங்க. எனக்குக் கால் வரலை."

"பிரேக் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னவ நீதானே? போட்டாச்சு. இப்போ அதை மிதிக்க மாட்டேன்னா எதுக்குப் போட்ட? என் வேலையைப் பிடுங்கவா?"

கடைசிச் சொல்லை அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அதுதான் காலையிலிருந்து அவர் தொண்டையில் நின்றது என்று தெரிந்தது. அம்மா சாவியை நீட்டினாள்.

"சரி. நீங்க ஓட்டுங்க. நான் பின்னால நிக்கிறேன்."

"நீயா?"

"உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே. எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதானே ஓட்டுறீங்க. கையுறையைக் கழட்டுங்க."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இறங்கப் போனேன். அம்மா வெளியிலிருந்து சொன்னாள்: "நீ உள்ளேயே இரு. அப்பா காலைப் பார்த்துக்கிட்டே போ." அவள் பின்பக்கம் போனாள், ஏறும்போது வண்டி லேசாக அசைந்தது. வண்டியின் பக்கத் தகரத்தில் ஒரு தட்டு கேட்டது. "போகலாம்!" என்றாள்.

அப்பா கியரைப் போட்டார். பாலத்தின் மேல் எதுவும் ஆகவில்லை. "இதுல என்ன இருக்கு? பஞ்சு மாதிரி ஓடுது" என்றார். ஆனால் அவர் முகம் அந்த வார்த்தையோடு சேரவில்லை.

இறக்கம் தொடங்கியது. சுமை தள்ளியது. வேகம் தானாக ஏறியது. அப்பாவின் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்து பிரேக் பெடலுக்கு மேலே போய், அங்கேயே அந்தரத்தில் நின்றது. பெடலைத் தொடவில்லை. கியரைக் குறைத்தார், இன்ஜின் ஊளையிட்டது. கால் மட்டும் இறங்கவில்லை.

"அப்பா…"

"தெரியுதுடி."

கீழே நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. தூரம் குறைந்துகொண்டே வந்தது. அப்பாவின் கால் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அம்மா என்னை அதைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, பிரேக்!"

"அவ நிக்கிறாடி" என்றார். "பின்னால அவ நிக்கிறா."

"அப்பா!"

அவர் தொட்டார். மிதிக்கவில்லை, தொட்டார் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். வண்டி கயிறு போட்டு இழுத்ததுபோல் பிடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் நல்ல இடைவெளி இருக்கும்போதே நின்றும் விட்டது. நிற்கும்போதே பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் காகிதம் கிழிகிற சத்தம். அப்புறம் பாரமான எதையோ தரையில் இழுப்பதுபோல ஒரு நீண்ட உரசல். கடைசியில் எங்கள் முதுகுக்குப் பின்னால் பலகையில் 'தொம்' என்று ஒரு மோதல், கண்ணாடி நொறுங்கி உதிர்கிற ஓசை.

அப்பா கதவுக் கைப்பிடியைத் தேடினார். அது கையிலேயே இருந்தும் அவரால் திறக்க முடியவில்லை. நான் மறுபக்கம் குதித்து ஓடினேன். கேபினுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். இடைவெளி இல்லை. தகடுகளின் விளிம்புகள் பலகையில் குத்திக்கொண்டு நின்றன. ரப்பர் பாயின் மேல் கத்தி கத்தியாகக் கண்ணாடி குவிந்திருந்தது.

அம்மா அங்கே இல்லை.

"இங்கே இருக்கேன்" என்று வால்பக்கத்திலிருந்து குரல் வந்தது. சட்டத்தின் பின் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

அப்பா ஓடிவந்தார். பாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பாயைப் பார்த்தார். "நீ… முன்னாடி நிக்கலையா?"

"அங்க நிக்கிறதுக்கு நான் என்ன, நீங்களா?" என்றாள் அம்மா. சொல்லி முடித்ததும் தட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினார். "சொல்லியிருக்கலாம்ல? பின்னாடிதான் நிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் உள்ளே செத்தே போயிட்டேன்!"

"காலையிலேர்ந்து நானும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அம்மா. "வண்டியை எடுத்ததுலேர்ந்து உள்ளே செத்துக்கிட்டுதான் வர்றேன்."

அப்பா ஓரமாகப் போய் மைல்கல்லில் உட்கார்ந்தார். அவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தகவல் போய் மேஸ்திரி பைக்கில் வந்து சேர்ந்தார். உடைந்த தகடுகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளையைக் கை கொடுக்க விட்டா இப்படித்தான் ஆகும். நீ நின்னிருந்தா ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

அப்பா எழுந்து வந்தார். "வாங்க மேஸ்திரி. இந்தப் பாய் மேல வந்து நில்லுங்க. பாக்கி தூரத்தை நான் ஓட்டிட்டு வர்றேன்."

மேஸ்திரி பாயைப் பார்த்தார். நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே பாயில் ஆழமாக விழுந்திருந்த வெட்டுகளைப் பார்த்தார். ஏறவில்லை. "அதுக்கு இப்போ என்ன பண்ணணும்ங்கிற?" என்று கேட்டார், குரல் இறங்கியிருந்தது.

"முன்னால இரும்புத் தடுப்பு வைக்கணும். பட்டையை இறுக்கிக் கட்டணும், விளிம்புக்கு ரப்பர் வெச்சு. ஆள் நிக்க மாட்டான். நான் நிக்க மாட்டேன்."

அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று வீட்டில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். மெக்கானிக் மாமா சட்டத்துக்கு முன்னால் தடிமனான தடுப்பு ஒன்றை வெல்டிங் வைத்தார். "பிரேக்கைப் பார்த்தேன், மேல என்ன ஏத்துறீங்கன்னு பார்க்கலையே தங்கச்சி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வைத்தார். பட்டைகள் மாறின. அப்பா கேபினில் ஓரத்து இருக்கைக்கு வந்தார். சில வாரங்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிடங்கில், "என்னண்ணே, எப்போ பாட்டு மாத்துற வேலைக்குச் சேர்ந்தீங்க?" என்று கேட்டவர்களைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கும் அம்மா பிரேக் பிடித்தால் அவருடைய இரண்டு கையும் தானாக முன்னால் எழும்பும். ஆனால் இறக்கம் வந்தால் இப்போது அம்மாவின் கால் தயங்குவதில்லை. தேவைப்பட்டால் முழுசாக மிதிக்கிறாள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியவர் நன்றாக நிற்கிறார் என்று கேள்விப்பட்டு மற்ற பழைய வண்டிக்காரர்களும் பிரேக் மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், மாற்றத்தான் வேண்டும். ஆனால் போன வாரம் சாலையில் ஒரு வண்டியைப் பார்த்தேன். முன் சக்கரத்தில் பளபளவென்று புது டிஸ்க். பின்னால் பளிங்குப் பலகைகள். பலகைகளுக்கும் கேபினுக்கும் நடுவில், கையை ஊன்றிக்கொண்டு, ஒருவர் நின்றிருந்தார். நான் கத்திக் கூப்பிட்டேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் யார், எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். குழாயோ கல்லோ கண்ணாடியோ ஏற்றுகிற வண்டியில், சுமைக்கு முன்னால் நிற்கிற யாரையாவது நீங்கள் பார்த்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் வண்டி ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால், வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.